வழியக்கா ஒரு ஜிபிஎஸ் வாங்கினாள்

அந்த லாரி ஷெட்டில் பதினொரு வண்டிகள், பதின்மூன்று டிரைவர்கள், ஒரு முதலாளி, ஒரு வழியக்கா. அவளுக்கும் வீட்டில் வைத்த பெயர் ஒன்று இருந்தது. அடையாள அட்டையைத் தவிர வேறெங்கும் அது புழங்கவில்லை. அவளைவிடப் பன்னிரண்டு வயது சின்னவனான முதலாளிக்கும் அவள் அக்கா. அவளைவிடப் பத்து வயது மூத்த டிரைவருக்கும் அக்காதான்.

பத்தொன்பது வருஷத்துக்கு முன்னால், இப்போதைய முதலாளியின் அப்பா டெலிபோனில் தெளிவாகப் பேசுகிற ஆளைத் தேடி அவளை வேலைக்கு எடுத்தார். லோடு எங்கே ஏறுகிறது, எங்கே இறங்குகிறது என்று டிரைவர்களுக்குச் சொல்ல வேண்டும், அவ்வளவுதான் வேலை. இரண்டாவது வாரம் ஒரு டிரைவர் போனில், "அங்க எப்படிப் போறது?" என்று கேட்டார். தெரியாது என்று சொல்லியிருந்தால் அவள் பிழைத்திருப்பாள். "இருங்க, கேட்டுச் சொல்றேன்" என்றாள். அன்றைக்கு மாட்டியவள்தான்.

போய்த் திரும்புகிற ஒவ்வொரு டிரைவரையும் நிறுத்தி விசாரிப்பாள். எந்தப் பாலம் எவ்வளவு உயரம், பெரிய வண்டியை எங்கே திருப்பலாம், எந்த கோடவுனில் காவல்காரர் பத்து மணிக்கு முன் கேட்டைத் திறக்கமாட்டார், எல்லாம் நோட்டில் ஏறும். நீள நோட்டு நான்கு சேர்ந்தது. அதற்குப் பிறகு டிரைவர்கள் ரோட்டில் நிற்கிற ஆளிடம்கூட வழி கேட்பதை விட்டுவிட்டார்கள். கேட்கத்தான் அக்கா இருக்கிறாளே. ஒரு முறை அவள் பல் பிடுங்கப் போய் வாயைப் பிளந்துகொண்டு கிடந்தபோது போன் அடித்தது. பல் டாக்டர் இடுக்கியைக் கையில் வைத்தபடியே, "எடுங்கம்மா, அஞ்சாவது தடவ அடிக்குது" என்றார். மரத்துப்போன வாயோடு அவள் சொன்ன வழியைக் கேட்டு அந்த டிரைவர் சரியாகப் போய்ச் சேர்ந்தான் என்பதுதான் கொடுமை. அதையும் ஷெட்டில் பெருமையாகச் சொல்லித் திரிந்தார்கள்.

ஒரே ஒரு முறை, உடம்பு முடியாமல், போனை அணைத்துப் போட்டுவிட்டுப் படுத்தாள். அன்று ஒருவன் சிமென்ட் லோடோடு ஒரு பள்ளிக்கூட மைதானத்துக்குள் போய் நின்றான். பிள்ளைகளுக்கு ஓட்டப்பந்தயம் நடந்துகொண்டிருந்தது. அதற்குப் பிறகு அவள் போனை அணைக்கவில்லை.

இவ்வளவுக்கும் அவள் ஒரு நாளும் லாரியில் ஏறியதில்லை. வீட்டிலிருந்து ஷெட்டுக்கு பஸ்ஸில் மூன்று ஸ்டாப். அவள் பயணம் அத்தோடு சரி.

அதனால், ரயில் பாலத்துக்கு அடியில் ஒரு வண்டி மாட்டிய மறுநாள் முதலாளி அவளைக் கூப்பிட்டு, லாரிக்கென்றே இருக்கிற ஜிபிஎஸ் ஒன்று வாங்கப்போகிறோம், அதை நீங்கள்தான் பார்த்து எடுக்க வேண்டும் என்று சொன்னபோது, வெளியில் முகத்தைச் சுளித்தாலும் உள்ளுக்குள் அவளுக்கு நெஞ்சு குளிர்ந்தது. தன் காதுக்கு விடுதலை வரப்போகிறது என்று நினைத்தாள்.

பாலத்தில் மாட்டியது ஜில்லுவின் வண்டி. குளிர்பெட்டி லாரி ஓட்டுவதால் அவனுக்கு அந்தப் பெயர். முப்பத்தெட்டு வயது, வாய் மூடாத ஆள். நாலு வருஷமாக ஐஸ்கிரீம் ஃபேக்டரியிலிருந்து வெளியூர் கோல்ட் ஸ்டோரேஜுக்கு ஒரே ரூட், ஒரே வண்டி. அன்று மெயின் ரோட்டைக் குழாய் போடத் தோண்டிப் போட்டிருந்தார்கள். மத்தியானம் சாப்பாட்டு நேரத்தில் அவளுக்குப் போன் போட்டான். போன் மேப்பு ரயில் பாலத்துக்கு அடியில் போகச் சொல்லுது, போகலாமா என்று கேட்டான்.

வாயில் சோறு. இடது கையால் நோட்டைப் புரட்டினாள். அந்த ரயில் லைனுக்கு அடியில் இரண்டு வழி. தண்ணீர் டேங்க் பக்கம் இருப்பது மூன்று புள்ளி இரண்டு மீட்டர், ஆகவே ஆகாது. மாவு மில் பக்கம் இருப்பது மூன்று புள்ளி ஏழு. ஜில்லு வண்டியின் ஃபைலில் உயரம் மூன்று புள்ளி ஐந்து இரண்டு. "தண்ணி டேங்க் பக்கம் போயிடாத. மாவு மில் பக்கம் போ. மெதுவாப் போ, போயிடும்" என்றாள். சொல்லிவிட்டு அடுத்த வாய் எடுத்தாள்.

அரை மணி நேரத்தில் வண்டி பாலத்துக்கு அடியில் ஆப்பு அடித்த மாதிரி இறுகி நின்றது. குளிர்பெட்டியின் மேலே இருந்த மெஷின் உடைந்தது. பின்னால் பஸ்ஸும் காரும் ஒரு கிலோமீட்டருக்கு வரிசை கட்டின. போலீஸ் வந்து, டயரில் காற்றைப் பிடுங்கி, வண்டியைத் தாழ்த்திப் பின்னால் இழுப்பதற்குள் சாயங்காலம் ஆகிவிட்டது. உள்ளே இருந்த பதினாலாயிரம் கப் ஐஸ்கிரீமும் பாயசமாகிக் கதவிடுக்கில் ஒழுகியது. தெருநாய்கள் மட்டும் அன்று சந்தோஷமாக இருந்தன.

முதலாளி நேரில் போனபோது ஜில்லுவின் கையில் போன் இருந்தது, அதில் மேப்பு எரிந்துகொண்டிருந்தது. இதைப் பார்த்துத்தான் போனாயா என்று கேட்டார். ஆமாம் என்று தலையாட்டினான். ஊரையே சிரிக்க வைத்துவிட்டாய் என்று அங்கேயே கத்தி, வெளியூர் ரூட்டிலிருந்து அவனைத் தூக்கி, ஃபேக்டரிக்கும் ஷெட்டுக்கும் நடுவே காலிப் பெட்டி அடிக்கிற குட்டி வண்டியில் போட்டார்.

வழியக்காவுக்கும் அவன்மேல் கோபம். மாவு மில் பக்கம் போ என்று படித்துப் படித்துச் சொன்னேன், தண்ணீர் டேங்க் பக்கம் போய் நுழைத்திருக்கிறானே என்று பொருமினாள். ஆனால் முதலாளியிடம் அதைச் சொல்லவில்லை. ஏற்கெனவே அடிபட்டவனை ஏன் இன்னும் ஒரு மிதி மிதிக்க வேண்டும் என்று பெருந்தன்மையோடு வாயை மூடிக்கொண்டாள். அந்தப் பெருந்தன்மையில் அவளுக்குக் கொஞ்சம் திருப்திகூட இருந்தது.

ஒரு வாரம் டைம். முதலில் குளிர்பெட்டி வண்டிக்கு ஒன்று, சரிப்பட்டு வந்தால் மற்றதுக்கும் வாங்கலாம் என்பது முதலாளி உத்தரவு. உத்தரவோடு நிறுத்தியிருக்கலாம். அன்று சாயங்காலத்திலிருந்து அவள் போனுக்கு வீடியோ அனுப்ப ஆரம்பித்தார். எதிலும் ஒருத்தர் கறுப்புப் பெட்டியைக் கத்தியால் கிழித்துத் திறந்து, உள்ளே இருக்கிற ஒயரையும் ஒட்டுகிற ரப்பரையும் பத்து நிமிஷம் காட்டுவார். மெஷினை ஆன் பண்ணுவதற்குள் வீடியோ முடிந்துவிடும். பதினேழு வீடியோ. ஒவ்வொன்றுக்கும் கீழே, "எப்படி அக்கா?" என்று முதலாளியின் ஒற்றை வரி.

டிரைவர்கள் சும்மா இருப்பார்களா? ஆளாளுக்கு ஒரு யோசனை. ஒருத்தனுக்குப் பாட்டுப் பாடுகிற மெஷின் வேண்டும். இன்னொருத்தனுக்குப் பின்னால் கேமரா வேண்டும். எல்லோருக்கும் மூத்தவர் பிரேக் அண்ணன். தூரத்தில் ஆடு தெரிந்தாலே பிரேக்கை மிதிப்பார் என்பதால் வந்த பட்டம். அவருக்கு மெஷினே வேண்டாம். கண்ணாடியில் எதை ஒட்டினாலும் தனக்கு ரோடு மறைகிறது என்றார். தபால் தலை அளவுக்கு ஒன்று இருந்தால் பரவாயில்லையா என்று வழியக்கா பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டாள். அவர் நிஜமாகவே யோசித்து, எந்தப் பக்கம் ஒட்டுவீங்க என்று கேட்டார்.

புதன்கிழமை கடைக்குப் போனாள். பெரிய கடை, குளிரூட்டிய கடை, கழுத்தில் பட்டையும் அட்டையும் தொங்கவிட்ட ஒரு விற்பனைப் பையன். பையன் என்றாலும் முப்பது வயது இருக்கும். அவள் எதைக் கேட்டாலும் "இருக்கு மேடம்" என்றான். நெட் இல்லாத இடத்தில் வேலை செய்யுமா? செய்யும் மேடம். வெயில் அடித்தால் திரை தெரியுமா? சூப்பராத் தெரியும் மேடம். வண்டி உயரத்தைப் போட இடம் இருக்கா? இருக்கு மேடம்.

"எங்க, காட்டுங்க."

அவன் திரையைத் தடவினான். இந்தப் பக்கம் போனான், அந்தப் பக்கம் போனான். பெட்ரோல் பங்க் காட்டியது, ஹோட்டல் காட்டியது, நிலா எப்போது உதிக்கும் என்றுகூடக் காட்டியது. உயரத்தைக் காணோம். கால் மணி நேரம் கழித்து, இது கார் மாடல் மேடம், காருக்கு உயரம் எதுக்கு என்று அவளையே கேட்டான். தான் வந்ததிலிருந்து லாரி லாரி என்று தொண்டை வற்றக் கத்தியதை அவள் ஞாபகப்படுத்தினாள். லாரிக்குத் தனியாக இருக்கிறதா என்று உள்ளே போய்க் கேட்டுவிட்டு, இரண்டு மாடல் இருப்பதாக வந்து சொன்னான். ஒன்று பத்து இஞ்ச், கடையில் பார்வைக்கு வைத்திருப்பது. இன்னொன்று ஏழு இஞ்ச், இதுவரை யாரும் கேட்காததால் பெட்டியே பிரிக்காதது. சின்னதை மூன்று நாள் எடுத்துப்போய்ப் பார்த்துவிட்டு வரச் சொன்னார்கள்.

வீட்டுக்குக் கொண்டுவந்து சாப்பாட்டு மேசையில் வைத்தாள். அவள் வீட்டுக்காரர் மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் வெட்டுகிறவர். அரை மில்லிமீட்டர் பிசகினாலும் தூக்கிப் போட்டுவிட்டு மறுபடி வெட்டுகிற ஜாதி. எந்தச் சாமான் வாங்கினாலும் கூட வருகிற புத்தகத்தை முதல் பக்கத்திலிருந்து படிக்காமல் அதைத் தொடவிடமாட்டார். மிக்ஸி வாங்கியபோது இரண்டு நாள் சட்னி இல்லாமல் சாப்பிட்டார்கள். இந்தப் புத்தகம் நூற்று நாற்பது பக்கம். அவள் மெஷினைக் குடைந்துகொண்டிருக்க, அவர் நிதானமாகப் படித்துக்கொண்டு போனார். ஒன்பதாம் பக்கத்தில் நின்றார்.

"உங்க லாரி என்ன உயரம்?"

"மூணு அம்பத்திரெண்டு."

"யார் அளந்தது?"

"ஃபைல்ல இருக்கு."

அவர் புத்தகத்தை அவள் பக்கம் திருப்பி, விரலால் ஒரு வரியைக் காட்டினார். வண்டியின் காகிதத்தில் உள்ள அளவை நம்பாமல், தற்போதுள்ள நிலையில் நேரில் அளந்து பதிவு செய்யவும் என்று போட்டிருந்தது. அவளுக்கு எரிச்சல் பற்றிக்கொண்டு வந்தது. பத்தொன்பது வருஷமாக வண்டிகளை மேய்க்கிறவளுக்கு, லென்ஸ் வெட்டுகிறவர் பாடம் எடுக்கிறார். ஃபைலைவிட இந்தப் புத்தகம் பெரிசா என்று கேட்டாள். "புத்தகம் கேக்குது, நான் கேக்கல" என்று சொல்லிவிட்டு அவர் பத்தாம் பக்கத்துக்குப் போனார். அவர் சண்டைக்கு வராததுதான் அவளுக்கு இன்னும் எரிந்தது.

மறுநாள் ஷெட்டில், ஒரு பேச்சுக்கு, குளிர்பெட்டி வண்டி எவ்வளவு உயரம் என்று விசாரித்தாள். ஃபைலில் இருக்கிறதே அக்கா என்றார் முதலாளி. பதினொண்ணரை அடி இருக்கும் என்றான் ஒருத்தன். பன்னிரண்டு என்றான் இன்னொருத்தன். பிரேக் அண்ணன் வண்டியை மேலும் கீழும் பார்த்துவிட்டு, என் உயரத்துக்கு ரெண்டு ஆள், அதுக்கு மேல ஒரு குழந்தை என்றார். ஆக, அந்த வண்டியை ஓட்டியவன், ஓட்ட வைத்தவர், வழி சொன்னவள், எவருக்கும் அதன் உயரம் தெரியாது.

பஞ்சர் ஒட்டுகிறவரிடம் டேப்பும் ஏணியும் வாங்கினாள். ரிப்பேர் முடிந்து திரும்பி வந்திருந்த வண்டி சமதரையில் நின்றது. ஏணியில் ஏறி, கூரையில் மிக உயரமான இடமான குளிர் மெஷின்மேல் ஒரு நீளக் கம்பை மட்டமாக, நுனி வெளியே நீட்டியபடி வைத்தாள். கம்பைப் பிடித்துக்கொள்ளச் சொல்லிப் பிரேக் அண்ணனை மேலே நிற்க வைத்துவிட்டு, தான் இறங்கி, கம்பு நுனியிலிருந்து தரைவரை டேப்பை இழுத்தாள்.

மூன்று மீட்டர் எண்பத்து மூன்று.

கம்பு சாய்ந்திருக்கும் என்று அண்ணனைத் திட்டிவிட்டு மறுபடி அளந்தாள். எண்பத்து மூன்று. டேப்பைத் தலைகீழாகப் பிடித்து அளந்தாள். அப்போதும் எண்பத்து மூன்று. மேலே நின்ற அண்ணன், எத்தனை தடவை அளந்தாலும் வண்டி குனியாது அக்கா என்றார். அவள் சிரிக்கவில்லை.

விஷயம் இதுதான். நாலு வருஷத்துக்கு முன்னால் பழைய பெட்டியைக் கழற்றி, கனமான கூரையும் தலையில் மெஷினும் உள்ள குளிர்பெட்டியை ஏற்றினார்கள். ஃபைலில் இருந்த காகிதம் பழைய பெட்டியுடையது. வழக்கமான மெயின் ரோட்டில் பாலமெல்லாம் உயரமானவை என்பதால் நாலு வருஷமும் ஒன்றும் தெரியவில்லை.

ஆபீசுக்குள் போய் உட்கார்ந்தாள். பாலத்தில் மாட்டிய அன்று டிரைவர்களின் வாட்ஸாப் குரூப்பில் யாரோ ஒரு படம் போட்டிருந்தார்கள். அன்று கோபத்தில் அவள் லாரியை மட்டும்தான் பார்த்தாள். இப்போது தேடி எடுத்து, விரலால் விரித்து ஓரத்தைப் பார்த்தாள். இடது ஓரத்தில் நீலச் சுவர், அதில் பாதி எழுத்து. மாவு மில்லின் சுவர்.

அவள் சொன்ன பாலத்துக்குத்தான் அவன் போயிருக்கிறான். அவள் சொன்னபடியே மெதுவாகப் போயிருக்கிறான். மெதுவாகப் போனதால்தான் மெஷின் உடைந்ததோடு நின்றது. ஒரு வாரமாக முதலாளியிடம் ஏச்சு வாங்கிக்கொண்டு, காலிப் பெட்டி அடித்துக்கொண்டு, ஒரு வார்த்தை சொல்லாமல் இருக்கிறான். அவளோ அவனுக்காகப் பெருந்தன்மையோடு வாயை மூடியிருப்பதாக நினைத்துக்கொண்டிருந்தாள். காதெல்லாம் சுட்டது. எந்தப் பாலம் என்று அவனை ஒரு வார்த்தை கேட்கக்கூடத் தோன்றவில்லையே.

நேராக முதலாளி அறைக்குப் போனாள். அவர் பதினெட்டாவது வீடியோ பார்த்துக்கொண்டிருந்தார். அன்றைக்கு வழி சொன்னது நான், அளவு தப்பு, ஜில்லுமேல் தப்பில்லை என்று நின்றபடி சொன்னாள். வேலையை விடச் சொன்னால்கூட விட்டுவிடுகிறேன் என்று சொல்லத் தயாராகத்தான் போயிருந்தாள்.

அவர் நிமிர்ந்து பார்த்தார். "அதெல்லாம் முடிஞ்சு போச்சு, விடுங்கக்கா. ஏழு இஞ்சா, பத்து இஞ்சா?"

அவளுக்கு அழுகை வந்த இடத்தில் ஆத்திரம் வந்தது. நான் இங்கே நெஞ்சைப் பிளந்து காட்டுகிறேன், இவர் இஞ்ச் கேட்கிறார். மேசையில் இருந்த அவர் போனை எடுத்துக் குப்புறக் கவிழ்த்து வைத்தாள். அந்த ஷெட்டில் இதுவரை யாரும் செய்யாத காரியம்.

"ஜில்லுவ ஊர் முன்னாடி திட்டுனீங்க. ஊர் முன்னாடியே திருப்பிச் சொல்லுங்க. அவன் வண்டிய அவன்கிட்டக் குடுங்க. அப்புறம் பேசலாம் இஞ்சப் பத்தி."

முதலாளி போனை நிமிர்த்தக் கை நீட்டி, விட்டுவிட்டார். கெட்டவர் இல்லை, கவனம் ஓர் இடத்தில் நிற்காத ஆள், அவ்வளவுதான். எழுந்து வெளியே வந்தார். ஜில்லு குட்டி வண்டியிலிருந்து காலிப் பெட்டி இறக்கிக்கொண்டிருந்தான். எல்லோரும் பார்க்க, தப்பு உன்மேல் இல்லை, தெரியாமல் கத்திவிட்டேன், திங்கட்கிழமையிலிருந்து உன் வண்டியை நீயே எடு என்றார். ஜில்லு பெட்டியைக் கீழே வைத்துவிட்டு, சரி முதலாளி என்றான். பக்கத்தில் நின்ற அக்காவைப் பார்க்கவில்லை.

அன்றும் மறுநாளும் மீதிப் பத்து வண்டிகளையும் அவளே அளந்தாள். நாலில் தப்பு. ஒன்றில் டிரைவர் கூரைமேல் தார்ப்பாய் கட்ட இரும்புச் சட்டம் அடித்து வைத்திருந்தான். அது எந்தக் காகிதத்திலும் இல்லை. கேட்டதற்கு, சட்டம்தானே அக்கா, அது வண்டி இல்லையே என்றான். அவள் ஏணியிலேயே தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

சனிக்கிழமை சின்ன மெஷினோடு மறுபடி கடைக்குப் போனாள். பெரியதையும் சின்னதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, இரண்டிலும் உயரம் மூன்று எண்பத்து மூன்று என்று அடித்தாள். ஃபேக்டரியிலிருந்து கோல்ட் ஸ்டோரேஜ், மெயின் ரோடு வேண்டாம் என்று போட்டாள். பெரியது அழகழகான கலரில் கோடு போட்டது. கட்டடம்கூட நிமிர்ந்து நின்றது. கோடு நேராக மாவு மில் பாலத்துக்கு அடியில் போனது. சின்னது கொஞ்ச நேரம் சுற்றிச் சுற்றி யோசித்துவிட்டு, பதினாலு கிலோமீட்டர் கூடுதலாகச் சுற்றி, மேம்பாலத்தில் ஏற்றிக் கொண்டுபோனது.

விற்பனைப் பையன் உற்சாகமாகி, "பாத்தீங்களா மேடம், பெருசுதான் ஷார்ட் ரூட் காட்டுது. சின்னது சுத்துது" என்றான்.

அவனுக்கு விளக்கிச் சொல்ல வாயைத் திறந்தாள். பிறகு மூடிக்கொண்டாள். சின்னதைக் கட்டச் சொன்னாள். திரை சின்னதாயிற்றே மேடம் என்று கடைசி வரை வருத்தப்பட்டான்.

திங்கட்கிழமை காலை ஜில்லுவின் முதல் ட்ரிப். மெஷினை மாட்டிவிட்டுத் திரும்புவதாகத்தான் வந்தாள். மாட்டி முடித்ததும், நானும் வர்றேன் என்றாள். அவளுக்கே ஆச்சரியம். ஜில்லு அந்தப் பக்கக் கதவைத் திறந்துவிட்டான். மூன்று படி. இரண்டாவது படியில் புடவை மாட்டியது. ஏறி உட்கார்ந்தால், தரை எங்கோ கிடந்தது. வீடுகளின் மாடி ஜன்னல் வழியாக ஒருத்தர் சவரம் செய்வது தெரிந்தது.

மெயின் ரோட்டில் இன்னும் குழாய் வேலை முடியவில்லை. மெஷின் ஒரு பெண் குரலில், இருநூறு மீட்டரில் இடதுபுறம் திரும்பவும் என்றது. ஜில்லு வேகத்தைக் குறைத்து, அவள் பக்கம் திரும்பினான். பத்து நாளுக்குப் பிறகு அவளிடம் பேசின முதல் பேச்சு.

"அது சொல்றது சரியாக்கா?"

அவள் மூச்சை இழுத்துப் பிடித்தாள். இரண்டு தடவை கடை ஏறி இறங்கி, ஏணியில் ஏறி, முதலாளி போனைக் கவிழ்த்து, எதற்காக? இவன் இனி அவளைக் கேட்காமல் இருப்பதற்காக. "அதுக்குத்தானே வாங்கினது? அது சொல்ற மாதிரி போ" என்றாள்.

போனான். அடுத்த திருப்பத்திலும் கேட்டான். அதற்கடுத்ததிலும். நாலாவது முறை அவள் பதில் சொல்லவில்லை, அவனும் மெஷின் சொன்னபடி திருப்பினான். மேம்பாலத்தில் ஏறியதும் கீழே தூரத்தில் ரயில் லைனும், மாவு மில்லும், நீலச் சுவரும் தெரிந்தன. இரண்டு பேரும் பார்த்தார்கள்.

"ஏன்டா சொல்லல?" என்றாள். "அக்காதான் போகச் சொன்னாங்கன்னு ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்ல?"

அவன் ரோட்டைப் பார்த்துக்கொண்டே, "நாலு வருஷமா ஓட்டுறேன்க்கா. நானும் ஒரு நாள் ஏறி அளக்கலையே" என்றான். கொஞ்ச தூரம் போனதும், "கோவம் இல்லாம இல்ல. எந்தப் பாலம்னு நீங்க கேப்பீங்கன்னு தினமும் பாத்தேன். கேக்கவே இல்ல" என்றான்.

தப்புதான் என்று மட்டும் சொன்னாள். லாரி இரைச்சலில் அது அவன் காதில் விழுந்ததா என்று தெரியாமல், இன்னொரு தரம் உரக்கச் சொன்னாள். விழுந்துச்சுக்கா என்றான் அவன். அதற்குப் பிறகு அவன் வாய் மூடவில்லை. மூத்த மகள் சைக்கிள் கற்றுக்கொண்டதிலிருந்து பாலத்தில் மாட்டிய அன்று போலீஸ்காரர் கப் கப்பாக ஐஸ்கிரீம் குடித்தது வரை, பத்து நாள் பாக்கியையும் சேர்த்துப் பேசித் தீர்த்தான்.

மூன்று மாதத்தில் மற்ற வண்டிகளுக்கும் அதே ஏழு இஞ்ச் வந்தது. வண்டியை அளந்து, அளவைக் கதவின் உள்பக்கம் பெயிண்டில் எழுதினால்தான் மெஷின் என்று அவள் ஒற்றைக் காலில் நின்றாள். பிரேக் அண்ணன் மட்டும் தன்னுடையதை இருக்கைக்குக் கீழே வைத்து ஓட்டுகிறார். குரல் கேட்டால் போதுமாம், முகம் பார்க்க வேண்டாமாம். போன் வருவது குறைந்ததா என்றால், குறையவில்லை. முன்பு வழி கேட்டவர்கள் இப்போது மெஷின் சொன்ன வழி சரிதானா என்று கேட்கிறார்கள். ஒரே வேலை, கூட ஒரு ஆள் சேர்ந்திருக்கிறது. இதை முதலாளியிடம் சொல்லிப் புலம்பியபோது அவர் அதற்கும் ஒரு வீடியோ அனுப்பினார்.

வியாழக்கிழமைகளில் போனை, அன்று வண்டி எடுக்காத பிரேக் அண்ணன் கையில் கொடுத்துவிட்டு, ஏதாவது ஒரு வண்டியில் ஏறிப் போகிறாள். வாரம் ஒரு நாள் அப்படி வேண்டும் என்று அவளே கேட்டு வாங்கியது. பாலம் கண்ட இடத்தில் வண்டியை ஓரம் கட்டச் சொல்லி, இறங்கி, எழுதிப் போட்டிருக்கிற அளவை வாசித்துக்கொண்டு வருவாள். மெஷினில் அது வேறாக இருந்தால் மேப்பு கம்பெனிக்கு எழுதுவாள். பரிசீலிக்க ஆறு வாரம் ஆகும் என்று ஒவ்வொரு முறையும் ஒரே பதில் வரும். போன வியாழக்கிழமை ஒரு பாலத்தின் அளவுப் பலகைமேல் யாரோ டியூஷன் சென்டர் விளம்பரம் ஒட்டியிருந்தார்கள். ஜில்லு வண்டியை நிறுத்திக்கொண்டு பத்து நிமிஷம் காத்திருந்தான். பின்னால் ஹாரன் அலறியது. அவள் காதில் வாங்காமல், நகத்தால் அதைச் சுரண்டிக்கொண்டிருந்தாள்.